புல்லை அறுத்துப் போடு, பேராண்டி!

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிக் கெடக்கு? பரீட்சை ஊத்திக்கிச்சா? பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாங்களா? அதெல்லாம் இல்லையாம், ஆட்டத்துல ஃப்ரேம் விழுதாம். அடுப்படியில இருந்த உங்க ஆச்சிக்கு அது அரைகுறையாக் கேட்டு, "எந்த ஃப்ரேம் விழுந்துச்சு, கல்யாண போட்டோவா?"ன்னு வெளக்குமாத்தோட ஓடியாரா. கண்ணாடிச் சில்லைக் கூட்டணுமாம்.

நீ கவலைப்படுததுலயும் நியாயம் இருக்கு. எழுபதாயிரம் ரூவா குடுத்து வாங்கின லேப்டாப்பு. கீபோர்டுல ஏழு கலரு எரியுது. பெட்டியில 'கேமிங்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நீ ஆடுததும் நேத்து வந்த ஆட்டம் இல்ல, ஜி.டி.ஏ. ஃபைவ். 2013ல டி.வி.யில மாட்டி ஆடுத பெட்டிக்கு வந்து, 2015 ஏப்ரல்ல கம்ப்யூட்டருக்கு வந்தது. அப்ப நீ அரை டவுசரோட பம்பரம் விட்டுக்கிட்டுத் திரிஞ்ச. அந்தப் பழைய ஆட்டத்துல, டவுனை விட்டு மலைப் பக்கம் காரை ஓட்டுனா செகண்டுக்கு 70 ஃப்ரேம்ல நின்னது பொசுக்குன்னு 25க்கு வருதுன்னா வயித்தெரிச்சலாத்தான் இருக்கும்.

அதுக்கு நீ பாத்த வைத்தியத்தை வீடே வேடிக்கை பாத்துச்சு. ஆட்டத்தை அழிச்சிட்டு 100 ஜி.பி.க்கு மேல திரும்ப எறக்குன. விண்டோஸையே அழிச்சு மறுபடி போட்ட. நெட்டு பிளானை மாத்தச் சொல்லி உங்கப்பன்கிட்ட மல்லுக்கு நின்ன. 'ஒரே கிளிக்குல டபுள் எஃப்.பி.எஸ்.'னு யூட்யூப்ல எவனோ சொன்னான்னு, பேர் தெரியாத பூஸ்டர் ஒண்ணை ஏத்துன. அது ஃப்ரேமை ஏத்தல, விளம்பரத்தைத்தான் ஏத்துச்சு. அவன் பேச்சைக் கேட்டு ஆன்டிவைரஸையும் அணைச்சு வெச்ச. திருடனுக்குக் கதவைத் திறந்து வெச்சா வீட்டுக்குள்ள காத்து வரும்னு நெனச்சியாக்கும்.

இம்புட்டும் செஞ்சவன் ஒண்ணை மட்டும் செய்யல. எப்ப விழுதுன்னு பாக்கல. கேட்டா, "திடீர்னு விழுது தாத்தா"ங்க. மிசினுக்குத் திடீர்னு ஒண்ணு கெடையாதுல. அஞ்சு நிமிசமா விசிறி கத்திக் கத்திச் சொல்லியிருக்கும். ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தவன் காதுல அது எங்க கேக்கும்?

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு மொறைக்காத. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பொழைச்சவன். பாளையங்கோட்டையில லேப்டாப்பு ரிப்பேர் பாக்காளே உன் அத்தை மவ, அவ லீவுக்கு வந்தப்ப உன் மிசினை ஒரு நோட்டம் விட்டுட்டு எங்கிட்ட சொன்னதைத்தான் சொல்லுதேன். அவகிட்ட நேராப் போய்க் கேக்க உனக்கு மீசை தடுக்கு. கெழவன்கிட்ட கேட்டா கௌரவம் கொறையாதுல்லா, அதனால காதைக் குடு.

மொதல்ல ரெண்டைப் பிரிச்சுப் பாரு. நெட்டுல ஆடும்போது அடுத்தவன் காரு தாவித் தாவி வருது, செத்தவன் எந்திரிச்சு ஓடுதான், ஆனா நீ மவுஸை அசைச்சா உன் பார்வை வழுக்கிக்கிட்டுத் திரும்புதுன்னா, கோளாறு நெட்டுல. அதுக்கு லேப்டாப்பைத் திட்டாத. மவுஸை அசைக்கும்போதே காட்சி வெட்டி வெட்டி வருதுன்னா, கோளாறு மிசின்ல. அதுக்கு நெட்டுக்காரனைத் திட்டாத. நீ ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுத. அதுல பாதித் திட்டு வீணாப் போவுது.

பொறவு அளந்து பாரு. விண்டோஸ் பொத்தானையும் ஜி-யையும் சேத்து அமுக்கு, கேம் பார் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் கட்டத்தைத் திரையில குத்தி வெச்சுட்டா எஃப்.பி.எஸ்., பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம் எல்லாம் மூலையில ஓடும். சூட்டையும் சேத்துப் பாக்கணும்னா எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் இருக்கு, ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ இருக்கு. ரெண்டும் ஓசி. ஓசின்னா உனக்குத் தனிப் பிரியமாச்சே. அந்தப் பூஸ்டரை ஏத்துன கை இதை ஏத்துனா தேஞ்சா போயிரும்?

ஆனா சராசரியை மட்டும் பாத்து ஏமாந்துராத. 60 ஃப்ரேம்னா ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்டு. 30ன்னா 33.3. 144ன்னா 7 மில்லிசெகண்டுகூட முழுசாக் கெடையாது. அதுக்குள்ள பிராசசர் கணக்கை முடிக்கணும், கார்டு படத்தை வரைஞ்சு முடிக்கணும். நம்ம ஊருக்கு மணிக்கு ஆறு பஸ்ஸுன்னு போர்டு போட்டிருக்கான். ஆறும் ஒண்ணுபின்னால ஒண்ணா வந்துட்டு, பொறவு முக்கா மணி நேரம் ஆளையே காணோம்னா, போர்டு பொய் சொல்லல, ஆனா நீ வெயில்ல காஞ்சது நெசந்தானே. ஃப்ரேமும் அப்படித்தான். செகண்டுக்கு 60 வந்துச்சான்னு கேக்காத, சீரா வந்துச்சான்னு கேளு. இருக்குததுலயே மோசமான நூத்துல ஒரு பங்கு ஃப்ரேமை மட்டும் பொறுக்கியெடுத்துப் பாக்கிற கணக்கு ஒண்ணு உண்டு. 'ஒன் பெர்சென்ட் லோ'ங்காங்க. சராசரி 70, அந்த லோ 22ன்னா உன் வயித்தெரிச்சலுக்குக் காரணம் அந்த 22தான்.

இன்னொண்ணு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. நீ ஒரே ராத்திரியில பதினஞ்சு சுவிட்சைத் தட்டிட்டு, "கொஞ்சம் பரவால்ல தாத்தா"ங்க. எது பரவால்லன்னு உனக்கும் தெரியாது, மிசினுக்கும் தெரியாது. ஜி.டி.ஏ.லயே கிராபிக்ஸ் பக்கத்துல பெஞ்ச்மார்க் ஓட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதே காட்சியை, அதே வழியா ஓட்டிக் காட்டும். மாத்துததுக்கு மொதல்ல ஒருக்கா, மாத்துன பொறவு ஒருக்கா ஓட்டிப் பாரு. போலீசுக்கு பயந்து நீ சந்துபொந்துல புகுந்து ஓடுத ஓட்டம் அளவாவாது.

இப்ப நோயைப் பாப்போம்.

ஆரம்பிச்சுப் பத்து நிமிசம் நல்லா ஓடி, பொறவு விழுந்து, ஏறி, மறுபடி விழுதுன்னா அது சூடு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். இன்டெல் பிராசசர் பலதுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டா கருகிப் போயிரக் கூடாதேன்னு தன் வேகத்தைத் தானே கொறைச்சுக்கும். கிராபிக்ஸ் கார்டு 80 சொச்சத்துலயே அடங்கிரும். வேகம் கொறைஞ்சா சூடு எறங்கும், சூடு எறங்குனா வேகம் ஏறும், ஏறுனா மறுபடி சூடு. நீ பாக்க ஏத்த எறக்கம் அதுதான். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோவுல 'தெர்மல் த்ராட்லிங்'னு ஒரு வரி இருக்கும். அதுல 'யெஸ்'னு வந்துட்டா வேற சாட்சி வேண்டாம்.

சூடு ஏன் வருதுன்னு ஆராய்ச்சி வேறயா? மெத்தையில படுத்துக்கிட்டு, தலகாணி மேல மிசினை வெச்சு ஆடுத. அது காத்தை இழுக்குத ஓட்டையெல்லாம் அடிப்பக்கந்தான் இருக்கு. பஞ்சுத் தலகாணியில அமுக்கி வெச்சா காத்து எங்கிட்டு வரும்? சூடாவுதுன்னு நானூறு ரூவாய்க்கு லைட்டு எரியுத விசிறி ஸ்டாண்டு வாங்குன பாரு, அங்கதான் உன் மூளையை மெச்சுனேன். அந்த ஸ்டாண்டையும் கொண்டுபோய் மெத்தை மேலதானல வெச்ச! ஆக்கங்கெட்ட பய.

பலகை மேல வை. பின்பக்கம் ரெண்டு வெரக்கடை தூக்கி வை, ரெண்டு தீப்பெட்டி போதும். அதுலயே சில டிகிரி எறங்கும். பொறவு தூசி. மிசினை அணைச்சு, சார்ஜரைக் கழட்டிட்டு, காத்தடிக்கிற புளோயரால ஓட்டை வழியா ஊது. ஊதும்போது விசிறி எலையை ஒரு குச்சியால அசையாமப் பிடிச்சுக்கோ, இல்லன்னா காத்து வேகத்துல தறிகெட்டுச் சுத்தி பேரிங் போயிரும். வீடு கூட்டுத வேக்குவம் கிளீனரைக் கொண்டாந்து வைக்காத, அதுல வாரது ஸ்டாட்டிக் கரண்டு. வாரண்டி இருந்தா மூடியைத் திறக்குததுக்கு மொதல்ல அந்தக் காயிதத்தைப் படி. ரெண்டு மூணு வருசம் ஓடுன மிசின்ல பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவுல தடவுன பேஸ்டு காஞ்சு போயிருக்கும். அதை மாத்துதது தெரிஞ்சவங்க சோலி. நீ பல்லு வெளக்குத பேஸ்டை எடுத்துக்கிட்டு வந்தாலும் வருவ.

"ராத்திரி நல்லா ஓடுது, பகல்லதான் விழுது"ன்னு நீயே ஒருநாள் சொன்ன. அது பேயும் இல்ல பிசாசும் இல்ல. அக்னி நட்சத்திர வெயில்ல, ஓட்டுக் கூரைக்கு அடியில, மச்சு ரூம்புல உக்காந்து ஆடுனா உள்ள போற காத்தே 38 டிகிரி. அது எதைக் குளுர வைக்கும்? கீழ வந்து உக்காருன்னா எறங்க மாட்ட. கீழ வந்தா ஆச்சி தண்ணி எடுக்கச் சொல்லிருவாளே.

சூட்டுக்கு இன்னொரு கைவைத்தியம். பவர் ஆப்சனுக்குள்ள பிராசசரோட உச்ச அளவு 100ன்னு இருக்கும். அதை 99 ஆக்கு. ஒண்ணே ஒண்ணு கொறைச்சா என்ன ஆயிரும்ங்கியா? அந்த ஒண்ணுல டர்போ அணைஞ்சு போயிரும், சூடு நல்லா எறங்கும். உச்ச நம்பரு கொஞ்சம் கொறையும், விழுதது நிக்கும். சில மிசின்ல அந்த வரியை ஒளிச்சு வெச்சிருப்பான், தேடிப் பாரு. இன்னொரு வெவரமும் இருக்கு. ஆரம்பத்துல அரை நிமிசமோ ஒரு நிமிசமோ பிராசசர் அளவுக்கு மீறி வேகம் காட்டிட்டு, பொறவு தன் வழக்கமான வாட்டுக்கு வந்துரும். அதை அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கான். மொத நிமிசத்து நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பிட்டு, மிச்ச நேரம் பூரா அதையே நெனச்சு அழாத.

சரி, சூடில்லை. ஒரேயடியாப் பாதாளத்துக்கு விழுதுன்னா சார்ஜரைப் பாரு. பேட்டரியில இருந்து கார்டுக்கு வேணுங்கிற வாட்டு முழுசா வராது. அதோட என்விடியாவுல 'பேட்டரி பூஸ்ட்'னு ஒண்ணு இருக்கு. சார்ஜர் கழண்டா 30 ஃப்ரேம்ல கட்டிப் போட்டுரும். பேருல பூஸ்ட் இருக்கேன்னு ஏமாறாத, அது பேட்டரிக்கு வந்த பூஸ்ட், உனக்கு இல்ல. போன வாரம் சாயங்காலம் "விழுந்துருச்சு, விழுந்துருச்சு"ன்னு குதிச்சியே, அப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? கரண்டு போயிருந்துச்சுல. மேல சுத்துன விசிறி நின்னதும் தெரியல, லைட்டு அணைஞ்சதும் தெரியல, ஃப்ரேம் கொறைஞ்சது மட்டும் உனக்குத் தெரிஞ்சுது பாரு. ஆச்சி கையில மெழுகுவத்தியோட வந்து நின்னா, "தள்ளு ஆச்சி, மறைக்காத"ங்க.

வெளியூருக்குப் போகும்போது அந்தப் பெரிய சார்ஜரைத் தூக்க வலிச்சு, போனுக்குப் போடுத டைப்-சி சார்ஜரை எடுத்துட்டுப் போன. மிசின் கேக்கது 180 வாட்டு, நீ குடுக்கது 65. அது படத்தை ஓட்டும், பாட்டை ஓட்டும், ஜி.டி.ஏ.வை நொண்டி நொண்டித்தான் ஓட்டும். சில மிசினு, மாட்டுன சார்ஜர் தன்னோடதுதானான்னு அடையாளம் கேக்கும். பின்னு தேஞ்சோ ஒயரு நொந்தோ போயி அடையாளம் தெரியலன்னா, பிராசசரை ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழ அமுக்கி வெச்சுரும். டாஸ்க் மேனேஜர்ல பிராசசர் வேகம் 0.7, 0.8ன்னு ஒட்டிக்கிட்டே நின்னா சந்தேகப்பட வேண்டியது சார்ஜரை. அந்த நேரம் நீ ஆட்டத்துல நிழலைக் கொறைச்சு ஒரு புண்ணியமும் இல்ல.

அடுத்தது, உன் மிசின்ல கார்டு ரெண்டு இருக்குங்கது தெரியுமா? பிராசசரோட ஒட்டிப் பொறந்த சின்னது ஒண்ணு, காசு குடுத்து வாங்கின பெருசு ஒண்ணு. பேட்டரி மிச்சமாவட்டும்னு 2010ல என்விடியா 'ஆப்டிமஸ்'னு ஒரு ஏற்பாடு கொண்டாந்துச்சு. லேசான சோலிக்குச் சின்னது, கனத்த சோலிக்குப் பெருசுன்னு தானே மாத்திக்கும். சில நேரம் ஆளு மாறிப் போயிரும். விண்டோஸ் செட்டிங்ஸ்ல டிஸ்பிளேக்குள்ள கிராபிக்ஸ் பக்கம் போயி, ஆட்டத்தைச் சேத்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்'னு குறிச்சு வை. ஆட்டம் ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல பாரு. சின்ன கார்டு மூச்சு முட்ட உழைக்குது, பெரிய கார்டு 2 சதவீதத்துல செவனேன்னு கெடக்குன்னா, ஆளு மாறிருச்சுன்னு அர்த்தம். நம்ம வீட்டுலயும் அது உண்டுதான். ஆச்சி தண்ணி சொமக்கா, இருபத்திமூணு வயசுத் தடியன் மச்சுல கெடக்கான்.

இப்ப தலைப்புக்கு வாரேன். டவுனுக்குள்ள 70, மலையடிவாரத்துல 25ன்னியே, அதுக்குச் சூடும் காரணமில்ல, சார்ஜரும் காரணமில்ல. புல்லுதான் காரணம். ஜி.டி.ஏ. கிராபிக்ஸ் பக்கத்துல 'கிராஸ் குவாலிட்டி'ன்னு ஒரு வரி. நார்மல், ஹை, வெரி ஹை, அல்ட்ரா. நீ அல்ட்ராவுல வெச்சிருக்க. மலைப் பக்கம் வந்ததும் கார்டு ஒவ்வொரு புல்லா நட்டு, ஒவ்வொண்ணுக்கும் நிழலு போட்டு, காத்துல ஆட்டியும் விடுது. நம்ம வயல்ல களை எடுக்க வான்னா இடுப்பு வலிங்கவன், அங்க புல்லு வளக்கதுக்கு ஃப்ரேமைக் கொட்டிக் குடுத்துருக்க. 150 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டும்போது எந்தப் புல்லை நீ பாத்த? அறுத்துப் போடு. நார்மல்ல வெச்சுட்டு அதே மலைப் பக்கம் ஓட்டிப் பாரு.

அந்தப் பக்கத்துலயே மேல ஒரு கோடு இருக்கும். வீடியோ மெமரி எம்புட்டு இருக்கு, நீ எம்புட்டு கேக்கன்னு காட்டுத கோடு. உன் கார்டுல இருக்கது 4 ஜி.பி. அந்தக் கோடு செவந்து போனா வேண்டாம்னு அர்த்தம். நீ என்ன பண்ணுன? 'சொன்ன வரம்பைக் கண்டுக்காத'ன்னு ஒரு சுவிட்சு இருக்கே, அதைத் தேடிப் பிடிச்சுப் போட்டுட்ட. பெரியவங்க பேச்சைத்தான் கேக்க மாட்டேங்க, மிசின் பேச்சையாவது கேக்கப்படாதா? 4 ஜி.பி. நெறைஞ்சதும் மிச்சத்தைச் சாதா ராமுல கொண்டுபோய் வைக்கும். கார்டு அங்க போயி எடுத்தாரதுக்குள்ள படத்தோட நேரம் தாண்டிரும். சராசரி நல்லாத்தான் இருக்கும், திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டும். டெக்ஸ்சரை ஒரு படி எறக்கு, எம்.எஸ்.ஏ.ஏ.வை அணை, 'எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ்' கோட்டைச் சுழிக்குக் கொண்டா. அப்படியும் கார்டு திணறுனா ரெசல்யூசனை எறக்கு. புது ஆட்டங்கள்ல டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர்.னு இருக்கும். கொஞ்சமா வரைஞ்சு பெருசாக் காட்டுத வித்தை. உனக்குப் பழக்கமான வித்தைதான், பரீட்சைப் பேப்பர்ல பண்ணுவியே.

டவுனுக்குள்ளயே வேகமா ஓட்டும்போது மட்டும் திக்குதா? அப்ப கண்ணைக் கார்டுல இருந்து எடுத்து, ராமையும் டிஸ்க்கையும் பாரு. தெருவும் வீடும் டிஸ்க்குல இருந்துதான் வரணும். ஆட்டத்தைச் சுத்துத ஹார்டு டிஸ்க்குல போட்டிருந்தா எஸ்.எஸ்.டி.க்கு மாத்து. ராமு 8 ஜி.பி., அதுவும் ஒத்தைக் கட்டையா இருக்குன்னா, அதே அளவு இன்னொண்ணு வாங்கி ரெண்டாவது ஸ்லாட்டுல போடு. எடமும் கூடும், ரெண்டு பாதையில வரதால வேகமும் கூடும். சராசரி கொஞ்சந்தான் ஏறும், அந்த அடிமட்ட லோ நல்லா ஏறும். காசு செலவழிக்கணும்னு கை அரிச்சா இதுல செலவழி, லைட்டு எரியுத ஸ்டாண்டுல இல்ல.

புது ஆட்டங்கள்ல வேற ஒரு திக்கல் உண்டு. ஒரு வெடி மொதத் தடவை வெடிக்கும்போது வெட்டும், ரெண்டாந்தடவை வெட்டாது. ஷேடர்னு சொல்லுத குட்டிக் குட்டிப் புரோகிராமை உன் கார்டுக்குத் தகுந்தாப்புல அப்பத்தான் சமைச்சு எடுக்குது. ஒருக்காச் சமைச்சதை டிஸ்க்குல பத்திரப்படுத்திக்கும். டிரைவரை மாத்துனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஆட்டம் தொடக்கத்துலயே 'ஷேடர் தயாராவுது'ன்னு கோடு ஓடுச்சுன்னா முடியுத வரைக்கும் பொறு, ஒரு காப்பி குடி. நீ என்னடான்னா அதைத் தாண்டிக் குதிச்சு உள்ள போற, பொறவு வெட்டுதுன்னு 'கேஷ் கிளீனர்' போட்டுச் சமைச்சதையெல்லாம் கொட்டிட்டு வார. மறுநாள் மறுபடி அடுப்பு மூட்டுது அந்தச் சவம்.

இன்ன நேரத்துக்கு ஒருக்கான்னு கணக்கா விழுந்தா பின்னால யாரோ ஓடுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு, டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் அப்டேட்டு, ஒன்டிரைவ், வைரஸ் ஸ்கேனு, நீ மூடவே மூடாத முப்பது குரோம் டேபு, பின்னணியில ரெக்கார்டு பண்ணிக்கிட்டே இருக்க கேம் பார். உன் ஆட்டத்தை யாரு பாக்கப் போறான்னு அம்புட்டையும் ரெக்கார்டு பண்ணுத? அதை நிறுத்து. ஆன்டிவைரஸை அணைக்காத, ஸ்கேன் நேரத்தை மட்டும் நீ ஆடாத நேரத்துக்கு மாத்து. நீ ஆடாத நேரம்னு ஒண்ணு இருந்தாத்தானேங்கா ஆச்சி.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு ஊரு சிரிக்கும். ஆனா சில நேரம் கூடமே கோணலாத்தான் இருக்கு, அதையும் சொல்லிருதேன். ரைசன் மிசின் சிலதுல எஃப்.டி.பி.எம்.ங்கிற பாதுகாப்புச் சோலியால அப்பப்ப எல்லாமே திக்கி நிக்குதுன்னு 2022 மார்ச்சுல ஏ.எம்.டி. தானே ஒத்துக்கிட்டு, பயாஸ் அப்டேட்டு குடுத்துச்சு. அதே வருசம் விண்டோஸ் 11க்கு 22ஹெச்2 வந்தப்ப என்விடியாவோட ஓவர்லே பண்ணுன கோளாறுல ஆட்டமெல்லாம் மெதுவாச்சு, பொறவு சரி பண்ணுனான். அதனால பயாஸ், டிரைவர் அப்டேட்டை லேப்டாப்பு கம்பெனிப் பக்கத்துல பாரு. பயாஸ் போடும்போது சார்ஜர் மாட்டியிருக்கட்டும், நடுவுல அணைச்சா மிசினை மறந்துர வேண்டியதுதான். டிரைவர் மாத்துன மறுநாள்ல இருந்துதான் விழுதுன்னா பழைய டிரைவருக்கே திரும்பு. புதுசெல்லாம் நல்லதுன்னு எவன் சொன்னான்?

இத்தனையும் பாத்த பொறவு கடிவாளம் ஒண்ணு போடு. 90க்கும் 45க்கும் நடுவுல குதிக்கிற ஆட்டத்தைவிட, 60ல அசையாம நிக்கிறது கண்ணுக்குச் சொகம். என்விடியா கண்ட்ரோல் பேனல்ல 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்'னு 2020ல இருந்து ஒரு வரி இருக்கு. திரை 60 ஹெர்ட்ஸுன்னா 60, முடியலன்னா 30. 144 ஹெர்ட்ஸுன்னா 72 வை, அதுவும் முடியலன்னா 48. சரிபாதி, மூணுல ஒண்ணுன்னு திரையோட சேந்து நடக்கும். கார்டுக்கும் வேலை கொறையும், சூடும் கொறையும், விசிறிச் சத்தமும் கொறையும். வி-சிங்க் போட்டுத்தான் ஆடுவேன்னா, சில ஆட்டத்துல ஒரு படம் 16.7 தாண்டி 17 மில்லிசெகண்டு ஆனாலும் 60ல இருந்து நேரா 30க்கு எறங்கிரும்ங்கதைத் தெரிஞ்சு வெச்சுக்கோ. கூட்டாளி "எனக்கு 110 வருது"ம்பான். வரட்டும். பத்து நிமிசம் கழிச்சு எம்புட்டு வருதுன்னு கேளு, லைன் கட்டாயிரும்.

கடைசிச் சோலி ஒண்ணு பாக்கி. எல்லாம் சரியானதும் மூலையில ஓடுத அந்த நம்பரை அணைச்சுரு. நோயைக் கண்டுபிடிக்கத்தான் அது, ஆடும்போது பாக்கதுக்கு இல்ல. 60 வந்தா சிரிக்க, 59 வந்தா மூச்சை நிறுத்துத. முன்னால போலீசு, மேல ஹெலிகாப்டரு, நீ மூலையைப் பாத்துக்கிட்டு ஓட்டுனா பாலத்துல முட்டாம வேற எங்க போயி முட்டுவ? அணைச்ச பொறவும் திக்குதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா, அது நெசமான கோளாறு. தெரியலன்னா விழல, அம்புட்டுதான். நம்பரு பாக்காம இருக்கவே முடியலன்னா, உன் அத்தை மவ நம்பரு ஆச்சிகிட்ட இருக்கு, வாங்கிக்கோ.